சலவைக்காரரின் ஒரே முழுக்கு

குச்சிக்கு வயது இருபது. ஆனால், அவன் சட்டைப்பையின் மேல் குத்தியிருந்த கறுப்பு வில்லை அவனை 'மூப்பர்' என்றது. மார்மன் சபை என்று ஊரார் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில், ஊழியத்துக்கு அனுப்பப்படும் இளைஞர் அனைவருக்கும் அதுவே பட்டம். அதை முதன்முதலாக வாசித்த சலவைக்கடைக்காரர், கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தார்.

"இருபது வயசுல மூப்பரா? அப்ப அறுபது வயசுல உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களா தம்பி?"

'குச்சி' என்று பெயர் சூட்டியவரும் அவரே. அவனுடன் கூடவே வந்தவன் 'நெட்டை' ஆனான். கூடவே என்றால், கூடவேதான். ஊழியக்காரர் இருவரும் ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் மறையக்கூடாது என்பது விதி. குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒருவனுக்குப் பல் வலித்தால், வலியில்லாதவனும் பல் மருத்துவரிடம் போய் உட்கார வேண்டும். வீட்டைவிட்டு வந்த பதினான்கு மாதங்களில், குச்சி ஒரு தெருமுனையைக்கூடத் தனியாகத் திரும்பியதில்லை.

காலை ஆறரைக்கு அலாரம் அடிக்கும். உடனே தண்டால்; எண்ணிக்கையில் நெட்டை ஏழுக்குப் பிறகு நேராகப் பதினைந்துக்குத் தாவிவிடுவான். பின்னர் வேத வாசிப்பு, வெள்ளைச் சட்டை, டை, தெரு. நாளொன்றுக்கு நாற்பது கதவுகள். முப்பது திறக்கமாட்டா. ஐந்து, திறந்த வேகத்திலேயே மூடும். மூன்றில் நாய். எஞ்சிய இரண்டில் யாரேனும் அன்போடு காபியை நீட்டுவார்கள். காபியும் தேநீரும் இவர்கள் குடிக்கக் கூடாதவை. "தண்ணி போதும் அக்கா" என்று சொல்லிச் சொல்லி, மாலைக்குள் இருவர் வயிறும் குடமாகிவிடும்.

திங்கட்கிழமைதோறும் அம்மாவோடு தொலைபேசியில் பேசலாம்.

"யாராச்சும் சரின்னு சொன்னாங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா மூணாவது தெரு நாய் இப்பல்லாம் வாலாட்டுது."

"அது போதுண்டா கண்ணா" என்பாள் அம்மா. அது போதாது என்பது இருவருக்கும் தெரியும்.

அதே திங்கட்கிழமைதான் துணி வெளுக்கும் நாளும். இரண்டு பேர், பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள். இயந்திரம் சுழலும் முக்கால் மணி நேரமும் கடைக்காரர் கேள்வி கேட்பார்; இவர்கள் விடை சொல்வார்கள். இப்படியே ஐந்து மாதங்கள் ஓடின. கடைக்காரர் தாமும் காபி குடிப்பதை நிறுத்தினார். ஒரு திங்களன்று, மடித்த சட்டைகளைக் கொடுத்தபடியே, விலை சொல்லும் குரலில் சொன்னார்:

"ஞானஸ்நானம் எடுத்துக்கறேன் தம்பி. குச்சிதான் குடுக்கணும்."

குச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. இயந்திரத்தின் மூடியில் இரு கைகளாலும் தாளம் தட்டினான். கடைக்காரர் ஒரு விரலை உயர்த்தினார்.

"ஆனா ஒரே முழுக்கு. ரெண்டாவது கிடையாது. நாள் பூரா தண்ணியிலதான் பொழப்பு, ஆனா மூக்குக்கு மேல ஏறிச்சுன்னா என் உசிரு என்கிட்ட இருக்காது. சின்ன வயசுல கிணத்துல விழுந்தவன் நான். ஒரு தடவைக்குத்தான் மனசைத் தேத்தி வச்சிருக்கேன். தப்பாச்சுன்னா அப்படியே வீட்டுக்குப் போயிருவேன்."

தாளம் நின்றது. ஏனெனில், சபையின் விதி வேறு. தலைமயிர் முதல் கால் கட்டைவிரல் வரை, உடுத்திய துணி உட்பட, அனைத்தும் ஒரே சமயத்தில் நீருக்குள் மறைய வேண்டும். இரு சாட்சிகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து. கடைக்காரரின் எடை நூற்றிருபது கிலோ. குச்சியின் எடை, நனைந்த சட்டையையும் சேர்த்து, ஐம்பத்திரண்டு. குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான்.

அன்று மாலையே ஒத்திகை தொடங்கியது. நெட்டை, வயிற்றில் இரண்டு தலையணைகளைக் கட்டிக்கொண்டு கடைக்காரர் ஆனான். கட்டில், தொட்டி ஆயிற்று. மூன்றாவது முழுக்கில் கட்டிலின் குறுக்குப் பலகை முறிந்தது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

"மேல என்னப்பா, ஆனையை இறக்குறீங்களா?"

"இன்னிக்கு ஒத்திகைதான்ணே" என்றான் தரையில் கிடந்த நெட்டை. "ஆனை சனிக்கிழமைதான்."

சலவைக்கடையை ஒட்டினாற்போல் கடைக்காரரின் மனைவி அழகு நிலையம் நடத்திவந்தாள். சபையில் சேரும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஆனால், அழுக்குத்துணி மூட்டை ஒன்றைக் குச்சி முழந்தாளிட்டுச் சாய்த்துப் பார்ப்பதைக் கண்டதும், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆளைச் சாய்க்கறது என் தொழில் தம்பி. இங்க வந்து உட்காரு."

தலை அலசும் நாற்காலியில் குச்சி உட்கார்ந்தான். விதிப்படி எதிரே உட்கார்ந்த நெட்டை, மணப்பெண் அலங்காரப் புத்தகம் ஒன்றை மிகுந்த கவனத்தோடு புரட்டினான்.

"பின்னங்கழுத்துல முதல்லயே கையை வச்சிரணும். கை இருக்குன்னு தெரிஞ்சா ஆளு தானா சாயும். முழங்காலை மடக்கச் சொல்லு. விறைப்பா சாய்ச்சேன்னா காலு மிதக்கும்."

கழுத்தில் அந்தக் கை பட்டதும், குச்சி தன்னையறியாமல் சாய்ந்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"நீங்களும் வர்றீங்களா அக்கா?"

"வேடிக்கை பார்க்க வர்றேன். கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல அந்த மனுஷன் தலை முழுசா நனைஞ்சு நான் பார்த்ததில்ல. பக்கத்துக் கடையில ஷாம்பூ போட நான் இருக்கேன்னுதான் பேரு."

ஞானஸ்நானத்துக்கென்று சபையில் இருந்த வெள்ளை உடைகளில் எதுவும் கடைக்காரரின் தோளைத் தாண்டவில்லை. ஆகவே, இரண்டு படுக்கை விரிப்புகளை வெட்டி, சட்டையும் காற்சட்டையும் அவளே தைத்தாள். கப்பலுக்குப் பாய் தைப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை வந்தது. சபை மண்டபத்தின் மடக்குக் கதவுக்குப் பின்னாலிருந்த ஞானஸ்நானத் தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. முப்பது பேர் கூடினார்கள். சாட்சிகளாகத் தபால்காரர் ஒருபுறமும் பேருந்து நடத்துநர் மறுபுறமும் குனிந்து நின்றார்கள். கடைக்காரர் படியிறங்கினார், நீர்மட்டம் ஒரு சாண் ஏறியது. அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

குச்சியின் மனத்தில் மூன்றே பொருள்கள்: கழுத்து, முழங்கால், மந்திரம்போல் பிசகாமல் சொல்ல வேண்டிய ஜெப வாக்கியம். வாக்கியம் பிசகவில்லை. கழுத்தில் கை வைத்தான். நூற்றிருபது கிலோவும் தொட்டில் குழந்தைபோல் சாய்ந்தது. முகம் மறைந்தது. கால்விரல்கள் மறைந்தன. ஆனால், தொட்டியின் நடுவில் வெள்ளைக் கூடாரம் ஒன்று புடைத்து எழுந்து, அசையாமல் நின்றது. காற்சட்டை காற்றுப் பிடித்திருந்தது.

தபால்காரர் 'இல்லை' என்று தலையை ஆட்டினார். நடத்துநரும் ஆட்டினார்.

கடைக்காரர் இருமிக்கொண்டே எழுந்தார். "முடிஞ்சுதா?"

முடிந்தது என்று சொல்லிவிடக் குச்சியின் நாக்கு துடித்தது. "இல்லண்ணே" என்றான்.

கடைக்காரரின் கை படியோரக் கம்பியைப் பற்றியது. ஒரு கால் படியில் ஏறிவிட்டது. பதினான்கு மாதங்களும் அந்தப் படியில் ஏறிப்போவதைக் குச்சி பார்த்துக்கொண்டு நின்றான்.

"எது தெரிஞ்சுது?"

"துணிதாண்ணே. காத்து புடிச்சு மேல வந்துடுச்சு."

கடைக்காரர் குனிந்து தம் காற்சட்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வேலையாள் பட்டுத்துணியைக் கொதிநீரில் போடும்போது வருமே, அந்த முகம்.

"காத்தா? துணியை முக்கறதுக்கு முன்னாடி காத்தை அமுக்கி வெளிய விடணும். தொழிலோட அரிச்சுவடி இது. வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாளே சொல்லிக் குடுக்கறேன். நான் உடுத்தினதுக்கு நானே அதைச் செய்யலையே."

படியில் ஏறிய கால் இறங்கியது. இரு தொடைகளிலும் பளார் பளார் என்று அடித்தார். பெருங்குமிழிகள் கிளம்பி உடைந்தன. சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிழிந்தார்.

"தப்பு உன்னுது இல்ல தம்பி, சலவைக்காரனுது. அரைகுறையா முக்கின துணியை நான் கொடியில போடமாட்டேன். ம், முக்கு."

"ஒரே முழுக்குன்னு சொன்னீங்களேண்ணே."

"நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?"

முன்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "இந்த அழுக்குக்கு ரெண்டு அலசு வேணும்னு எனக்கு அப்பவே தெரியும்."

முப்பது பேரும் சிரித்தார்கள், கடைக்காரரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குச்சி மீண்டும் வாக்கியத்தைச் சொல்லிக் கழுத்தில் கை வைத்தான். இம்முறை மிதப்பதற்குக் காற்று இல்லை. உண்மையான எடை முழுவதும் கையில் இறங்கியது. குச்சியின் பாதங்கள் தரையை விட்டு நழுவின. இருவருமே மறைந்தார்கள்.

தபால்காரரும் நடத்துநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலையை மேலும் கீழும் அசைத்தார்கள். முதலில் கடைக்காரர் எழுந்தார். பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவி, தொட்டியிலிருந்து சட்டையை எடுப்பதுபோல், குச்சியைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

மூக்கில் ஏறிய நீரோடு குச்சி சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்த முடியவில்லை. தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டிருந்த நெட்டை, மிகக் கண்டிப்பான முகத்தோடு குனிந்தான்.

"மூணு செகண்டு உன்னைக் கண்ணுலயே காணோம்டா. ரூலை மீறிட்ட."

"நான் மீறலடா" என்றான் குச்சி, இருமியபடி. "கூடவே நீயும் குதிச்சிருக்கணும்."