துரை நீட்டிய பைப்

மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளுவதுதான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது. மயிலாப்பூர் வீட்டில் பேச ஆள் கிடையாது. சுதந்திரம் வந்த சமயம் அது. ஊருக்குக் கிளம்பும் துரைமார் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பொழுது போகாமல் அடையாற்றில் ஒரு பங்களாவுக்குப் போனேன்.

மேஜைமேல் புகை பிடிக்கும் பழைய பைப் ஒன்று இருந்தது.

"அயர்லாந்து பைப்பு சாமி. தலைமுறை தலைமுறையா இதையே பண்ற கம்பெனி. டாக்டர் புகையே கூடாதுன்ட்டாரு, அதான் தொர விக்கிறாரு" என்றான் பட்லர்.

எனக்குப் புகைப் பழக்கமே இல்லை. ஆனால் வாய் வைக்கும் இடத்தில் பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

வாசலைத் தாண்டுமுன் கிழத் துரை கூப்பிட்டார். பைப்பைக் கேட்டு வாங்கி, புகையிலை அடைத்துப் பற்றவைத்து, கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். ஈரம் காயுமுன் என்னிடம் நீட்டினார்.

"உன்னியும் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்றாரு சாமி" என்றான் பட்லர்.

நான் டம்ளரைக்கூட வாயில் வைத்துக் குடிக்காதவன். எச்சில் என்றாலே ஆகாது. ஆனால் அந்தக் கை நீட்டியபடியே காத்திருந்தது. 'நீங்களும் கொஞ்சம்' என்று யாராவது என்னிடம் எதையாவது நீட்டி எவ்வளவு காலமாயிற்று! வாங்கி இழுத்தேன். புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துரை என் முதுகைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கை கால் கழுவினேன். வாயை மட்டும் கொப்பளிக்கவில்லை.