கழுகுமலைக்குப் போகாத மொட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. கோவில்பட்டியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகப் புதூர் பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் வகுப்புப் படித்த மூத்த மகளையும் கூட்டிப்போகிறேன் என்றுதான் சொன்னாள். படிப்பு கெட்டுப்போகும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி மகளை என்னோடு நிறுத்திக்கொண்டவன் நான்தான்.

சோறு பொங்குவது எனக்குப் பெரிய காரியமாக இல்லை. இரட்டைச் சடைதான் பெரும்பாடாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சடையைப் பின்னி மடக்கி ரிப்பன் கட்டி வரச் சொல்வார்கள். நான் போடும் சடையில் ஒன்று காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று தோளில் தொங்கும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு இருக்கும். அந்த வயதில் எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. காலையில் கண்ணாடி முன்னால் நின்று முதலில் எனக்குச் சீவிக்கொள்வேன், அதே கையோடு மகளுக்கும் சீவிவிடுவேன்.

ஊருக்குப் போகும்போது என் மனைவி பஸ் ஜன்னல் வழியாக மகளிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நான் பிள்ளையத் தூக்கிட்டு வாரப்ப ஒன் சடை இடுப்பத் தொட்டிருக்கணும், என்னட்டி?" மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒருமுறை என் முன்னால் முதுகைக் காட்டி நின்று, "இடுப்புக்கு வந்துட்டாப்பா?" என்று கேட்பாள்.

முடி இடுப்பை நெருங்கிய வேளையில்தான் பேன் வந்தது.

பேன் வராத பிள்ளை உண்டா என்று முதலில் அசட்டையாக இருந்துவிட்டேன். என் கடையிலேயே பேன் சீப்பும் பேன் மருந்தும் தொங்கிக்கொண்டிருந்தன. எண்ணெயையும் சோப்பையும் தெருவுக்கே கேட்கும்படி கேட்டு வாங்கும் பெண்கள், பேன் மருந்தை மட்டும் கடையில் ஆள் குறைந்த பிறகு குனிந்துதான் கேட்பார்கள். "எங்க மதினி பிள்ளைக ஊர்ல இருந்து வந்திருக்கு அண்ணாச்சி, அதுகளுக்கு" என்பார்கள். நானும் ஒன்றும் கேட்காமல் பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். எங்கள் தெருவுக்குப் பேன் எப்போதும் வெளியூரில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மருந்துக்கும் அடங்காமல் முற்றிப்போனால் அதற்கும் ஒரு வழி இருந்தது. பெண் பிள்ளைக்கு மொட்டை அடித்து, கழுகுமலை முருகனுக்கு நேர்த்திக்கடன், திருச்செந்தூர் நேர்த்தி என்று சொல்லிவிட்டால் போதும். சாமி காரியத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். இரண்டு கோயிலும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பதில் எங்கள் ஊருக்கு இப்படியும் ஒரு வசதி.

கடையில் இருந்த மருந்தையே எடுத்து மகளுக்குப் போட்டேன். வேப்பிலை அரைத்துத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டுத் தடவினேன். ஒவ்வொரு தடவையும் சில நாள் அமைதியாக இருக்கும். பிறகு பார்த்தால் பிள்ளை மறுபடியும் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு நிற்பாள். மழையில் கரிசல் பாதை சேறாகி மனைவியின் ஊருக்குப் பஸ்ஸே ஒழுங்காகப் போகவில்லை. பக்கத்து வீட்டு போனில் அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், நிறைமாதத்தில் இருப்பவளிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அதோடு, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் இது.

பள்ளிக்கூடத்தில் மகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கும். தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் மகளுக்கு 'பேன் ஆபீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து காலையானால் அவளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. எந்தப் படிப்பு கெடக்கூடாது என்று பிள்ளையை என்னோடு வைத்துக்கொண்டேனோ, அந்தப் படிப்பு என் கையிலேயே கெட்டுக்கொண்டிருந்தது.

வேறு வழி தெரியாமல், மொட்டை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து மகளிடம் பக்குவமாகச் சொன்னேன். அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழக்கூட இல்லை.

"அப்பா, மொட்டையா இருந்தா அம்மாவுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்று அவளை முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தடவிப் பேன் சீப்பால் வாரத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. எழுந்து என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "இப்ப நான் ஒங்களுக்குப் பாக்குதேன். குனிங்கப்பா." விளையாட்டுத்தானே என்று குனிந்தேன்.

"ஏய்... அப்பா! இங்கன ஒண்ணு ஓடுது! அய்யோ, அங்கன இன்னொண்ணு!"

அவள் நகத்தில் வைத்துக் காட்டியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நன்றாகத் தின்று கொழுத்த பேன். எனக்கும் கொஞ்ச நாளாகத் தலை அரித்துக்கொண்டுதான் இருந்தது. பொடுகு என்று நினைத்தேன், சூடு என்று நினைத்தேன். ஆம்பளைத் தலைக்குப் பேன் வரும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மகள் என் தோளில் தலை வைத்துத்தான் தூங்குவாள். அவள் தலையில் நான் ஒழித்ததை எல்லாம் என் தலையில் இருந்தே, என் சட்டைப்பைச் சீப்பாலேயே, தினமும் காலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவமானம். மகளுக்கோ ஒரே கொண்டாட்டம். "பேன் ஆபீஸ் நான் இல்ல, நீங்கதான்!" என்று வீடு முழுக்கக் குதித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரு வீட்டுக்கு ஒரு மொட்டை போதும் என்று நேராக சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். "நேர்த்தியா அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கே பிடித்தது சனி.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கழுகுமலையா, திருச்செந்தூரா என்று கேட்டார்கள். கழுகுமலை என்றேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, காய்ச்சலில் கிடந்து எழுந்த பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குக் கொஞ்சம் திருநீறு தாங்க அண்ணாச்சி" என்று கையை நீட்டினார். நான் விழித்தேன். பிறகு விற்பனைக்கு வைத்திருந்த திருநீற்றுப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிட்டிகை கொடுத்தேன். அவர் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டு, அதைப் பையன் நெற்றியில் பூசினார். பேனுக்குப் பயந்து எங்கே வந்து நிற்கிறேன் பார் என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வாரமே மூன்றாம் வகுப்புப் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் நல்லவர். ஆனால் ஒரே புகாரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். "பேன் இருக்கிற பிள்ளைங்களை வீட்லயே வச்சுச் சுத்தம் பண்ணி அனுப்புங்க. இல்லன்னா நான் என்ன செய்யட்டும்?" என்றார். எல்லோரும் அவரவர் பிள்ளைக்கு இல்லை என்றார்கள். அப்போது ஒரு அம்மா எழுந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி நேர்த்திக்கு மொட்டை போட்டிருக்காவ. அப்படியே மகளுக்கும் சேத்து எடுத்திருந்தா எல்லாப் பிள்ளையும் நிம்மதியா இருக்கும்லா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதே அம்மா முந்தின மாதம் என் கடையில் பேன் மருந்தைப் பேப்பரில் சுற்றி வாங்கிப் போனவர். மதினி பிள்ளைகளுக்குத்தான்! ஒரு வார்த்தை விட்டால் போதும், அவர் வாய் அடைத்துப்போகும். அது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவரும் என் முகத்தைப் பார்த்தார். நான் எதைச் சொல்லப் போகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். கடைசி பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருக்கும் கோலத்தை அப்படியே அவரிடம் பார்த்தேன். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

எழுந்து நின்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன். "இது நேர்த்தி மொட்டை இல்ல டீச்சர். பேனு மொட்டை. எந்தலையில இருந்துதான் எம்பிள்ளைக்குப் போயிட்டிருந்திருக்கு. கழுகுமலைன்னு நான் சொன்னது பொய்யி."

யாரோ முதலில் சிரித்தார்கள், அப்புறம் வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடவில்லை. "மருந்து விக்கிறவன் சொல்லுதேன். ஒரு வீட்ல மட்டும் பாத்தா போகாது. இன்னைக்கு நான் ஒழிச்சா நாளைக்கு அடுத்த பெஞ்சுல இருந்து வரும். எல்லாரும் ஒரே நாள்ல பாப்போம். பிள்ளைக்கு மட்டுமில்ல, வீட்ல உள்ள எல்லாத் தலைக்கும் பாப்போம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது என்று முதலில் ஒருவர் சொல்லவேண்டுமே. கடைசியில் அந்த அம்மாதான் சொன்னார். "எங்க வீட்லயும் இருக்கு டீச்சர். ரெண்டு பிள்ளைக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிதான். "எங்க வீட்லயும்", "எங்க வீட்லயும்" என்று கைகள் எழுந்துகொண்டே இருந்தன.

தீப்பெட்டி ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் அந்த நாளையே வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூட மைதானத்தில் வெயில் நன்றாக அடித்தது. நான் கடையில் இருந்த பேன் சீப்பை எல்லாம் கொண்டுபோனேன். ஒருவர் தலையை ஒருவர் பார்க்க, வரிசையாக உட்கார்ந்தார்கள். தீக்குச்சி அடுக்கிப் பழகிய விரல்கள் முடிக்குள் ஓடிய வேகத்தை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சரும் கொண்டையை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நோட்டுத் திருத்துறப்ப எல்லாப் பிள்ளையும் என் மேலதான் சாயுது. எனக்கு மட்டும் இல்லாமயா இருக்கும்?" என்றார். வந்த ஆண்களில் சிலர் மரத்தடியில் நழுவப் பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளே கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தன. ஈர் பொரித்து மறுபடியும் வரும் என்பதால் அடுத்து வந்த சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடினோம். யாரோ அவித்த மொச்சை கொண்டுவந்தார்கள், யாரோ சுக்குக் காப்பி போட்டார்கள்.

திருநீறு வாங்கிய அம்மாவும் அங்கே வந்திருந்தார். அவரிடம் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. "பிள்ளைக்குக் காய்ச்ச விட்டுட்டுல்லா அண்ணாச்சி. கடையில இருந்தா என்ன, முருகன் முருகன்தான்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த தலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என் மகளின் கடைசி பெஞ்சு காலியானது. வயிற்றுவலியும் போன இடம் தெரியவில்லை. கரிசல் பாதை காயாததால், குழந்தை பிறந்த சேதியைப் பக்கத்து வீட்டு போனில்தான் கேட்டிருந்தேன், போய்ப் பார்க்க முடியவில்லை. தை பிறந்ததும் என் மனைவி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். மகள் பஸ் ஸ்டாண்டில் முதுகைக் காட்டித்தான் நின்றாள். சடை இடுப்பைத் தொட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்த மனைவி, பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். இன்னும் முழுதாக முடி வளராத என் தலையைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். "சுகப்பிரசவத்துக்கு நேர்த்தி வச்சது நான்லா! நீங்க எதுக்கு மொட்டை போட்டிய?" நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி கத்தினாள். "அப்பாவுக்குப் பேனும்மா!"

இப்போது அந்த மகளுக்கே பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை இருக்கிறது. போன மாதம் போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். பிள்ளையின் வகுப்பில் பேன் பிரச்சினையாம். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில், யார் பிள்ளை என்று ஜாடைமாடையாகச் சண்டை நடந்ததாம். "நான் என்ன போட்டேன் தெரியுமாப்பா? எங்க வீட்ல பேன் இருக்கு, எனக்கும் இருக்கு, ஞாயித்துக்கிழமை நாங்க தலை பாக்கோம், ஒங்க வீட்லயும் பாருங்கன்னு போட்டேன். கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா, எங்க வீட்லயும்னு வந்துட்டே இருந்துச்சு."

போனை வைத்துவிட்டு, இப்போது முடியே இல்லாத என் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடர்த்தியாக இருந்த காலத்தில் அந்த முடியால் நான் அடைந்த பெருமையைவிட, அதை இழந்து நின்று நாலு பேர் முன்னால் உண்மையைச் சொன்ன அந்த ஒரு நாளின் பெருமைதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது.