ஒன்பதாவது நகல்

திரையில் இரண்டு கோப்புறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் அந்த எண்ணம் வந்தது. நேரக்கணக்கியை ஓட்டும் நிரல் கோப்பு இரண்டிலும் ஒன்றேதான். எழுத்துக்கு எழுத்து. மேலே யாரோ ஜெர்மனில் எழுதி வைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது: "இதைப் பிறகு சரிசெய்ய வேண்டும்." மற்றவற்றையும் திறந்தேன். எட்டுக் கோப்புறை, எட்டிலும் அதே குறிப்பு. ஒரே சோம்பேறித்தனம் எட்டு முறை சத்தியம் செய்திருந்தது.

டுசல்டோர்ஃபில் நான் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் நிறுவனம், கட்டடங்களின் வெப்பமூட்டிகளை இயக்கும் பெட்டிகளைச் செய்கிறது. உள்ளே ஓடுவது எங்களுடைய சொந்தச் சிறு இயங்குதளம். பெட்டிக்குள் வைக்கப் புது மின்சுற்றுப் போர்டு வந்தால் இங்கே ஒரே வழக்கம்தான்: பழைய போர்டின் கோப்புறையை நகலெடு, பெயரை மாற்று, வீட்டுக்குப் போ. பெட்டி உறைந்து நின்றுவிடும் ஒரு பிழையைப் போன மாதம் நான் சரிசெய்திருந்தேன். அன்று காலை ஒரு முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி. வேறு போர்டு, அதே பிழை, அறையெல்லாம் குளிர். "நீ அதைச் சரிசெய்துவிட்டாய் இல்லையா?" என்று மேலாளர் கேட்டார். சரிசெய்திருந்தேன், எட்டில் ஒன்றை.

போர்டுகள் எட்டு என்றாலும் அவற்றில் இருக்கும் சிப் இரண்டே வகை. நேரக்கணக்கி சிப்புக்குள் நேரத்தை எண்ணும் பகுதி, அதை ஓட்டும் கோப்பு இரண்டே இடத்தில் இருந்தால் போதும். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது மட்டும் போர்டின் கோப்புறையில் இருக்கட்டும். இவ்வளவுதான் விஷயம். இதை ஏன் இத்தனை வருடமாக ஒருவரும் செய்யவில்லை என்று நினைக்க நினைக்க எனக்குக் கொதித்தது. ஒன்பதாவது போர்டு வேறு வரப்போகிறது. "வெள்ளிக்குள் முடித்தால் உன் அமைப்பு, இல்லாவிட்டால் வழக்கம்போல நகல்" என்றார் மேலாளர்.

மூன்றே நாளில் முடித்தேன். மேசையில் வைத்துச் சோதித்தபோது எட்டுப் போர்டுகளும் பச்சை விளக்குக் காட்டின. வெள்ளி காலை, எல்லா மாற்றத்தையும் ஒரே பதிவாகச் சேமித்து, எதிர் மேசை அக்காவின் பார்வைக்கு அனுப்பினேன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், இங்கேயே தொழில் பழகியவர். அவர் சரி சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்.

"எல்லாம் ஓடுதுக்கா. அப்புறம் என்ன?"

"ஓடுது, ஓம். ஆனா என்னால வாசிக்க ஏலாது. இடமும் மாத்தி, உள்ளுக்கு இருக்கிறதையும் மாத்தி, ரெண்டையும் ஒரே பதிவில போட்டிருக்கிறீர்."

"எட்டுத் தடவை காப்பி அடிச்சது நீங்க. அதை மட்டும் வாசிக்க முடிஞ்சுதா?"

"ஓம், நான்தான் அடிச்சனான். டெர்மின் எண்டு நாள் குறிச்சுத் தந்தவை, அடிச்சன். இப்ப அதுக்கு என்ன, மாலை போடப் போறீரோ?" நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "மூண்டாம் போர்டில கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுற வரி ஒண்டு இருந்தது. எங்கை அது?"

"மத்த எதுலயும் இல்ல. தேவையில்லன்னு தூக்கிட்டேன்."

"அந்தப் போர்டு ஓட்டுற சுடுதண்ணி வால்வு குளிரில திறக்கச் சுணங்கும். அதுக்குத்தான் வைச்சனாங்கள். ஏனெண்டு அந்தப் பதிவில எழுதியும் கிடந்தது. இப்ப வரலாற்றைத் திறந்து பாரும்."

திறந்தேன். ஒவ்வொரு வரியையும் யார், எதற்காக எழுதினார்கள் என்று காட்டும் பக்கம் அது. எல்லா வரியிலும் என் பெயர்தான். இடமும் உள்ளடக்கமும் சேர்ந்து மாறியதால், பழைய கோப்புகள் அவற்றின் குறிப்புகளோடு செத்து, புதியவை நேற்றுப் பிறந்தவை போல நின்றன. இடமாற்றத்தையும் திருத்தத்தையும் ஒரே பதிவில் கலக்காதே என்பது முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் விஷயம். அவசரத்தில் நானே மிதித்துப்போட்டேன். என் மேசையில் குளிர் இல்லை, அதனால் பச்சை விளக்கு. அந்த வரி இல்லாமல் இது வெளியே போயிருந்தால் இன்னொரு கட்டடம் குளிர்ந்திருக்கும், இந்த முறை என் பெயரில்.

அக்கா மீது இருந்த கோபம் போகவில்லை. என்மீதும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"ஒன்பதாவதை எப்ப காப்பி அடிக்கப் போறீங்க?"

"போர்டு திங்கள்தான் வருது. புதன் மத்தியானம் வரைக்கும் நான் கை வைக்க மாட்டன். வெள்ளித் தவணையைப் பற்றி மேலாளரிட்டை நான் கதைக்கிறன். அதுக்குப் பிறகு என்னை ஏசக்கூடாது."

"ஏசுவேன்."

"ஏசும், ஏசும்" என்று தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய கோப்புகளிலிருந்தே புதிதாக ஒரு கிளை திறந்திருக்கிறேன். முதல் பதிவில் இடமாற்றம் மட்டும், ஒரு எழுத்தைக்கூடத் தொடப்போவதில்லை. அடுத்ததில் நேரக்கணக்கிகளை ஒன்றாக்குவேன். மூன்றாம் போர்டிலிருந்து தொடங்குகிறேன், அந்தக் காத்திருக்கும் வரியோடு.