டிரிப் கம்பியில் கட்டிய காப்பு

எண்பதுகளில் ஜவ்வாது மலையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த ஒரு குழந்தைக்கு டிரிப் ஏற்றினோம். கண் படக் கூடாதென்று, ஊசி குத்திய கையை அதன் அம்மா மஞ்சள் துணியால் சுற்றிக் காப்புக் கட்டிவிட்டாள்.

குழந்தை விடாமல் முனகியது. துணியை அவிழ்க்கப் போனேன்.

"வேணாங்க சிஸ்டர், கண்ணு பட்டுடும்!" என்று தடுத்தாள்.

"பட்டா நான் பாத்துக்கிறேன், வுடும்மா."

அவிழ்த்தால், கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது. ஊசி நரம்பைவிட்டு நழுவி, மருந்து தோலுக்கடியில் இறங்கியிருக்கிறது. உடனே ஊசியை எடுத்துவிட்டு, மறு கையில் புதிதாகப் போட்டேன்.

சாயங்காலம் குழந்தை கண் திறந்து பால் குடித்தது. அவள் அந்த மஞ்சள் துணியை எடுத்துப்போய் பாட்டில் தொங்கிய டிரிப் கம்பியில் கட்டினாள்.

"காப்பு இங்கயே இருக்கட்டுங்க. கைய தொறந்தே வையுங்க."

அதன்பின் எந்த வார்டிலும் ஊசி ஏறிய கையை மூட நான் விட்டதில்லை. டாக்டரே சொன்னாலும் சரி. காப்பா? கம்பியில் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும்.