அரை வயிற்றுப் பீமன்

ஐயம்பேட்டைப் பரசுராமன் வருஷத்தில் முந்நூற்று அறுபத்துநாலு நாள் விவசாயி, ஒரு நாள் பீமன். திரௌபதியம்மன் திருவிழாவில் பகாசுரன் வதத்தன்று வீட்டுக்கு ஒரு சட்டிச் சோறு வண்டியேறும். அதைத் தின்றுகொண்டே அவர் அசுரன் காத்திருக்கும் களத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டி அவருடையது. அவர் தின்கிற அழகைப் பார்க்கப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர்கள்கூட வருவார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், வயிற்றுப்புண் முற்றி, மெட்ராஸ் சர்ஜன் ஒருவர் அவருடைய இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார். சித்திரைக்குள் பீமன் இளைத்து நகுலன் அளவுக்கு வந்துவிட்டார்.

சர்ஜன் கொடுத்த தாளில் இருந்தது இது: கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, மெதுவாக மென்று, இனிப்பு ஆகாது, சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது, அரை மணி கழித்துத்தான், பளு தூக்கவே கூடாது. வாலாஜாபாத் டாக்டர் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார். "அவர் கிடக்கிறார். மூணு வேளை வயிறாரச் சாப்பிடு, வெல்லக் கஞ்சி குடி, தெம்பு தானா வரும்."

பரசுராமன் இருவரையும் நம்பினார். வெல்லக் கஞ்சி குடித்த கால் மணியில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, மாட்டுக்கொட்டகையில் சாய்ந்தார்.

இதை ஊரெல்லாம் பரப்பியவர், பரசுராமனின் மனைவி காந்தாவுடைய அண்ணன் கோதண்டபாணி. பன்னிரண்டு வருஷமாகப் பகாசுரனாக நின்று, தங்கை புருஷனிடம் உதை வாங்கி வருபவர்.

"அரை வயித்துக்காரன் பீமனா? இன்னாபா அநியாயம்! மாப்ளே, நீ அசுரனா நில்லு, வண்டியில நான் ஏறிக்கிறேன்."

"அசுரன் வேஷத்துக்கு உன் மூஞ்சி மாதிரி அமையாது மச்சான். உனக்கே இருக்கட்டும்."

காந்தா இரண்டு பேருக்கும் நடுவில் சொம்பை ணங்கென்று வைத்தாள். புருஷனைப் பார்த்து, "சாவறதா இருந்தா அந்தத் தாள்ல இருக்கிறபடி சாவு" என்றாள்.

ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு வாய் தின்று, சாயாமல் களம் சேர்ந்தால் வண்டி பரசுராமனுக்கு. இல்லையென்றால் அடுத்த வருஷம் முதல் கோதண்டபாணிக்கு. ஒரு வாய் என்பது எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

வதத்தன்று வந்த நாற்பத்திரண்டு சட்டியில் ஒன்று கோதண்டபாணி வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். நெய் மிதந்தது.

பரசுராமன் அதைக் கடைசிக்கு ஒதுக்கினார். மற்றவற்றில் ஒரு விரல் சோறு எடுத்து, பல் வலிக்க மென்றார். நாலு சட்டிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தினார். "உள்ள தள்ளுய்யா, பொழுது போவுது!" என்று கூட்டம் கத்தியது. "உங்க வயிறா, என் வயிறா?" என்று அவரும் கத்தினார். ஒரு மணி நேர வழி நாலு மணி நேரமாயிற்று.

களத்தில் கோதண்டபாணி கட்டைக் கிரீடமும் முகச்சாயமுமாக வெயிலில் நின்றார். வதம் முடிகிற வரை பகாசுரன் பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது. இடத்தை விட்டு நகரவும் கூடாது. "அடேய் பீமா, வாடா!" என்று கதைப்படி கத்த ஆரம்பித்தவர், உச்சிவேளையில் கதையில் இல்லாத வார்த்தைகளுக்கு வந்துவிட்டார்.

களத்தருகே பொங்கல் சட்டி திறந்தது. பரசுராமன் புளியங்கொட்டை அளவு எடுத்து, பெரியவர்களுக்குக் காட்டி, வாயில் போட்டார். எல்லோரும் அவர் நெற்றியில் வேர்வை தேடினார்கள். வெயில் வேர்வையைத் தவிர எதுவும் இல்லை. இறங்கினார், கதாயுதத்தோடு நடந்தார்.

அடிக்குமுன் அசுரன் சரிந்தார். பளு தூக்கக்கூடாத பீமனுக்கு அதுவும் சௌகரியம்தான்.

பெரியவர்கள் வண்டி யாருக்கென்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பரசுராமன் மச்சான் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தப் பொங்கலையே ஒரு கை அள்ளி அவர் வாயில் திணித்தார்.

"தின்னு மச்சான். வெல்லம் தெம்புன்னு வாலாஜாபாத்தார் சொல்லிக்கிறாரு."

கோதண்டபாணி விழுங்க முடியாமல் விழித்தார். "தண்ணி..."

காந்தா சொம்போடு ஓடிவந்தாள். பரசுராமன் அதை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சாப்பாட்டோட தண்ணி ஆவாது, மெட்ராஸ் டாக்டர் கண்டிப்பா சொல்லிக்கிறாரு. அரை மணி போவட்டும்."