விடாமல் போடச் சொன்ன கோட்டு

பெரியநாயகசாமிக்கு எல்லாம் வரும். வயிற்றில் குறுக்கே கிடக்கும் கன்றைக் கைவிட்டு இழுக்க வரும். முட்ட வரும் காளையை ஒற்றைக் கயிற்றில் சாய்க்க வரும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் கால் கொப்புளத்துக்கு மருந்து சொல்லவும் வரும். வராதது ஒரே ஒரு சொல்தான்: தெரியாது. அறுபத்தாறு வயது வரைக்கும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து விழுந்து மனைவி மரியபுஷ்பம்கூடக் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார். பாதி நாள் அது பலித்தும்விடும். அதுதான் கெடுதலாகப் போயிற்று.

கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் உதவியாளர் வேலை பார்த்தவர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. டாக்டருக்கு மாட்டைப் பிடித்துக் கொடுப்பது, ஊசியை வெந்நீரில் போட்டு எடுப்பது, கொட்டகையைக் கழுவிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் கையில் தொழில் இருந்தது, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைச்சன் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. டாக்டர் லீவு. இவர் சைக்கிளில் போய், முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு மணி நேரம் போராடித் தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தார். பசுவின் சொந்தக்காரர் கண் கலங்கி, "டாக்டரே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் டாக்டர் இல்லீங்க. உதவியாளர்."

"எங்களுக்கு நீங்கதாங்க டாக்டர்."

அன்றைக்கு மறுத்தார். அடுத்த ஊரில் பாதி மறுத்தார். அதற்கடுத்த ஊரில் சிரித்து வைத்தார். பிறகு பழகிவிட்டது. மகன் கிளாட்சனின் கல்யாணப் பத்திரிகையில் அச்சகக்காரர் தானாகவே அவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுவிட்டார். பிழை பார்க்கப் புரூஃப் வந்தபோது பெரியநாயகசாமி அதைப் பார்த்தார். ஓர் எழுத்துப் பிழையைக்கூட விடாமல் சுழித்தவர், அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டார். மரியபுஷ்பம் பத்திரிகையைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு தஞ்சாவூரில் புது ஆற்றங்கரை ஓரமாக ஒரு நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டர் பட்டமும் கூடவே வந்துவிட்டது. இங்கே மாடு கிடையாது, நாய்தான். வீட்டுக்கு வீடு நாய். காலையில் ஷஹ்பாஸின் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் போதும், நாயும் கையுமாக வந்து சந்தேகம் கேட்பார்கள். நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெறிநாய்த் தடுப்பூசி போடும்போது எந்தப் பக்கம் பிடித்தால் கடிக்காது என்பது ஒன்றுதான். கேட்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

போன மார்கழியில் மதுரம் டீச்சர் வந்தார். நாலாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பெங்களூரில் இருக்கும் மகள், அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சப்பை மூக்கு நாய் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். நெய்யும் குங்குமப்பூவும் போட்ட நிறம், அதனால் பெயர் கேசரி. அன்றைக்கு எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. ஊரே குரங்குக் குல்லாவும் மப்ளருமாக நடமாடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், கார்த்தால கேசரி வெடவெடன்னு நடுங்கறது. பெங்களூர்ல நாய்க்கெல்லாம் கோட்டு போட்டுத்தான் வாக்கிங் அழைச்சுண்டு போறாளாம். நம்ம ஊருக்கும் போடணுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "கோட்டு போட்டா போதுமா டீச்சர்? டை கட்டி ஸ்கூலுக்கும் அனுப்பிடுங்க" என்றது ஒரு குல்லா. டீச்சரின் முகம் சுருங்கிப் போயிற்று. எல்லோரும் பெரியநாயகசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில், 'எனக்குத் தெரியாதுங்க, ஆஸ்பத்திரியில சாஜிதா டாக்டரைக் கேளுங்க' என்று சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? ஆனால் டீச்சரைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்ற கோபம் அவருக்கு நிஜமாகவே வந்தது. கூடவே, பத்துப் பேர் தன் வாயைப் பார்க்கிறார்களே என்ற ருசியும் வந்தது. இரண்டும் சேர்ந்து அவரைப் பேச வைத்தன.

"சிரிக்காதீங்கப்பா. மார்கழிப் பனியில கன்னுக்குட்டிக்குச் சாக்கு போர்த்துறோமா இல்லையா? கன்னுக்கு ஒரு நியாயம், நாய்க்கு ஒரு நியாயமா? டீச்சர், வாக்கிங் போறப்பல்லாம் போடுங்க. விடாம போடணும். நடுவுல விட்டீங்கன்னா சளி நெஞ்சுல இறங்கிடும்."

'விடாம' என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தார்? மாத்திரைச் சீட்டைக் கொடுக்கும்போது டாக்டர்கள் சொல்கிற சொல் அது. முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் நின்று கேட்டது, தானாக வந்து விழுந்தது. குல்லாக்கள் வாயை மூடிக்கொண்டன. டீச்சர் நன்றியோடு பார்த்தார்.

அதோடு நிறுத்தினாரா? "கடையில வாங்காதீங்க. என் வீட்டுலயே தைச்சுத் தர்றோம்" என்றும் ஏற்றுக்கொண்டு வந்தார். மரியபுஷ்பம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் கையிலிருந்த கம்பளித் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம ஊரு வெயிலுக்கு நாய்க்குக் கோட்டா? யாரு சொன்னது?"

"நான் பார்க்காத நாயா? தைக்கச் சொன்னா தை."

தைத்தாள். வயிற்றுக்கடியில் மூன்று பட்டன் வைத்த கரும்பச்சைக் கோட்டு. கேசரிக்குக் கச்சிதமாக இருந்தது. மார்கழி போய்த் தை பிறந்தது. தைப் பாதியில் மேட்டூரை மூடிவிட்டதால் புது ஆறு வற்றி மணல் தெரிந்தது. மாசியில் அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாக நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கோட்டு மட்டும் இறங்கவில்லை. டீச்சர் ஒரு நாள்கூட விடவில்லை. கேசரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கொர் கொர் என்று மூச்சு வாங்கியபடி டீக்கடையைக் கடந்து போகும். "டாக்டர் கோட்டு போகுது பாரு" என்பார்கள். பெரியநாயகசாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் பார்த்ததெல்லாம் கோட்டைத்தான். நாயைப் பார்த்திருந்தால் அந்த மூச்சு சரியில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மாட்டின் மூச்சை எட்ட நின்றே எடை போடுகிற ஆள் அவர்.

பங்குனி பிறந்த முதல் வாரம், காலை ஒன்பதரை மணிக்கு ஷஹ்பாஸ் ஓடி வந்தான். "டாக்டர், டீச்சரோட நாய் ஆத்தங்கரையில விழுந்து கிடக்கு!"

செருப்புப் போடாமல் ஓடினார். தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. கேசரி பக்கவாட்டில் கிடந்தது. ஈறு செங்கல் நிறமாகிவிட்டது. கோட்டுக்குள் கையை விட்டார், அடுப்பில் வைத்தது போல உடம்பு கொதித்தது. பட்டனைக் கழற்ற வரவில்லை, பிய்த்து எறிந்தார். "தண்ணி, தண்ணி" என்று டீச்சர் ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு மேலே ஏறி வந்தார். ஷஹ்பாஸ் கடைக்குடத்தைத் தூக்கி வந்து ஊற்றினான். அப்படியே ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாஜிதா டாக்டர் ஊசி போட்டார், ஈரத்துணி போட்டார், தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். கால் மணி நேரத்தில் கேசரியின் மூச்சு அடங்கிவிட்டது.

சாஜிதா டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "இந்தச் சப்பை மூக்கு நாய்ங்க மூச்சு விடவே திணறும்மா. அந்த மூச்சுலதான் உடம்புச் சூட்டையும் இறக்கணும். நம்ம ஊரு மார்கழிக்கே இதுக்குக் கோட்டு தேவையில்ல. பங்குனியில, ஒன்பது மணி வெயில்ல, கம்பளிக் கோட்டு. யாரும்மா போடச் சொன்னது?"

பெரியநாயகசாமி மேஜையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில்தான் கோட்டு இருந்தது.

மதுரம் டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தார். "யாரும் சொல்லலை டாக்டர். நானாத்தான் போட்டேன். அவர் பனிக்காகச் சொன்னார், நான்தான் யோசிக்காம வெயில்லயும் போட்டுட்டேன். இன்னிக்கு சிலிண்டர்காரன் வேற லேட்டா வந்தான், கிளம்பவே ஒன்பதாயிடுத்து."

'அவர்' என்று டீச்சர் சொன்னது சாஜிதாவின் காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் பெரியநாயகசாமியின் பக்கம் திரும்பினார். "அண்ணே, இத்தனை வருஷம் இந்த வேலையில இருந்தீங்க. தினம் இதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பீங்க. நீங்களாவது கழட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

வாயைத் திறந்தார். 'நான்தான் போடச் சொன்னேன்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. பத்திரிகையில் தாண்டிப் போனது போலவே இதையும் தாண்டிப் போனார். தலையை மட்டும் குனிந்துகொண்டார். பார்ப்பவர்கள் துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மரியபுஷ்பம் ஈரக் கோட்டை வாங்கிப் பார்த்தாள். பிய்ந்த பட்டன்களைத் தடவினாள். "நான் தைச்ச துணி" என்றாள். துவைத்துக் காயவைத்து, பட்டன் தைத்து, மறுநாள் டீச்சர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

தெருவில் டீச்சர் எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு என்னுது. டாக்டர் பாவம், வெறுங்காலோட ஓடி வந்தார். இது பெரியநாயகசாமியின் காதுக்கு வரும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது. டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார். யாராவது 'டாக்டர்' என்றால் தன்னை இல்லை என்பது போல நடந்தார்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைக் கொடுத்தார்.

"சாமி, பெருமைக்காகப் பொய் சொல்லிட்டேன். அதனால ஒரு உயிர் போச்சு."

சாமியார் பதறிவிட்டார். "உயிரா? யாரு?"

"நாய் சாமி."

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சாமியார் நல்லவர். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னார், ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார், மன்னிப்பு வழங்கினார். முடிவில், குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டோ என்னவோ, "சமாதானமா போயிட்டு வாங்க டாக்டர்" என்றார்.

பெரியநாயகசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆண்டவர் சன்னிதியிலும் அந்தப் பொய் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஜெபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மதுரம் டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.

டீச்சர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். கோட்டு. இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

"உங்காத்துல ஆசையாத் தைச்சுக் கொடுத்தது. வீணாப் போக வேண்டாம். வேற எந்த நாய்க்காவது தேவைப்பட்டா, நீங்க பார்த்துக் கொடுங்கோ டாக்டர்."

அவர் உட்காரவில்லை. "டீச்சர், நான் டாக்டர் இல்ல."

"அப்படின்னா?"

"ஆஸ்பத்திரியில உதவியாளர். எஸ்.எஸ்.எல்.சி. மாடு பிடிச்சுக் கொடுக்கிற வேலை. நாய்க்குக் கோட்டு வேணுமா வேணாமான்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். விடாம போடுங்கன்னு சொன்னதும் நான்தான், பனிக்கு மட்டும்னு சொல்லவே இல்ல. அன்னிக்கு சாஜிதா டாக்டர் கேட்டப்பவும் வாயைத் திறக்கல. நீங்க பழியைத் தூக்கிக்கிட்டீங்க, நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

டீச்சர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். தாழ்வாரத்தில் கேசரியின் தண்ணீர்க் கிண்ணம் இன்னும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று பெரியநாயகசாமி காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன்" என்றார் டீச்சர். "தெரியாது டீச்சர்னு சொன்ன குழந்தையை ஒரு நாள்கூட நான் அடிச்சதில்லை."

எழுந்து வந்து பையை அவர் கையில் கொடுத்தார்.

"போயிட்டு வாங்கோ, பெரியநாயகசாமி."

நாற்பது வருஷமாக வீட்டுக்கு வெளியே யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

போகிற வழியில் டீக்கடை. "என்ன டாக்டர், ஆளையே காணோம், கையில என்ன?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. நின்றார். பையிலிருந்து கோட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பெஞ்சில் வைத்தார். டீச்சரிடம் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் மறுபடியும் சொன்னார். கடைசியில் ஷஹ்பாஸ் ஒரு டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினான். "மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். குடிங்க" என்றான்.

இன்றைக்கும் அந்தத் தெருவில் அவர் டாக்டர்தான். "டாக்டர் இல்லப்பா" என்று தினமும் சொல்கிறார். தன்னடக்கம் என்று சொல்லி மரியாதையைக் கூட்டிவிட்டார்கள். நாயைப் பற்றி யார் எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறார். முதல் தடவை அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாளாம்.

ஒரே ஒருவர்தான் அவரை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. காலை ஆறு மணிக்குத் தனியாக, கையில் வார் இல்லாமல், மதுரம் டீச்சர் ஆற்றங்கரையில் நடந்து வருவார். டீக்கடை முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார்.

"சௌக்கியமா, பெரியநாயகசாமி?"

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "இருக்கேன் டீச்சர்" என்கிறார். டீச்சர் தெரு திரும்பி மறைகிற வரைக்கும் உட்காருவதில்லை.