மூக்கு வைத்த ஜாடி

தில்லைநகரில் என் மருமகள் சின்னதாகக் காபிக் கடை திறந்து பன்னிரண்டு நாளாகியும் நான் போகவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்தான். ஆனால் அங்கே கோப்பையில் வாய் வைத்துக் குடிக்க வேண்டுமே என்று கவலை. எங்கள் வீட்டில் எல்லாரும் டம்ளரைத் தூக்கித்தான் குடிப்போம். "நீங்க வந்து ஒரு வாய் குடிச்சாத்தான் மாமா எனக்கு நிம்மதி" என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் போனேன். ஆறு நாற்காலிகளில் நான்கு பேர் இருந்தார்கள். அவள் போடும் காபியில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. காகித வடிகட்டியில் இருந்த பொடிமேல் வெந்நீரை ஐந்து முறை சுற்றி ஊற்றினாள். கண்ணாடி ஜாடியில் இறங்க மூன்று நிமிடம் ஆயிற்று. அதிலிருந்து கொஞ்சம் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல் அண்ணாந்து தூக்கினேன். அகன்ற வாய்க் கோப்பை. அத்தனையும் சட்டையில் கொட்டியது.

"சட்டை குடிச்சுடுத்து. நான் இன்னும் குடிக்கலை" என்றேன். நான்கு பேரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று, மிச்சக் காபி இருந்த ஜாடியை என் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மூக்கு இருக்கு மாமா. தூக்கிக் குடிங்கோ."

எட்டு மடக்கு. ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், "எனக்கும் ஜாடியிலயே குடுத்துடுங்க" என்றார்.

"எப்படி இருக்கு மாமா?"

"லேசாப் புளிக்கறதே."

"அப்படித்தான் இருக்கணும்."

"அப்ப நன்னாத்தான் போட்டிருக்கே."

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.